அத்தியாயம் 6: கடைசி மாத்திரைக்குப் பிறகும் மருந்து எத்தனை நாள் இருக்கும்?

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பக்கவிளைவைப் பற்றிக் கேட்கிறார்கள், விலையைப் பற்றிக் கேட்கிறார்கள். "இது உடம்புக்குள்ளே எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்பவர்கள் குறைவு. கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது. ஊருக்குப் போன இடத்தில் மாத்திரையை மறந்துவிட்டால் பதற வேண்டுமா, வேறு மருந்துக்கு மாறும்போது எத்தனை நாள் இடைவெளி வேண்டும், நிறுத்திய மூன்றாம் நாள் தலை சுற்றினால் அது எதனால் என்பதெல்லாம் இதற்கான பதிலைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு நீங்களாகவே மாத்திரையைக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது. உங்கள் மருந்தின் காலத்தைத் தெரிந்துகொண்டு டாக்டர் முன்னால் போய் உட்காருங்கள். அப்போது கேட்கும் கேள்வியும் சரியாக இருக்கும், கிடைக்கும் பதிலும் புரியும்.

## தேவையான ஒரே கணக்கு

ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்துக்கு அரை ஆயுள் என்று பெயர். ஒரு அரை ஆயுள் கழிந்ததும் 50 சதவீதம் மிச்சம் இருக்கும். இரண்டு கழிந்தால் 25, மூன்று கழிந்தால் 12.5, நான்கு கழிந்தால் 6, ஐந்து கழிந்தால் 3. ஆகவே அரை ஆயுளை ஐந்தால் பெருக்குங்கள். மருந்து ஏறக்குறைய முழுவதும் வெளியேற ஆகும் காலம் வந்துவிடும்.

மருந்து உடம்பில் ஏறுவதற்கும் இதே கணக்குதான். தினமும் ஒரே அளவு சாப்பிட்டால் ஐந்து அரை ஆயுள் கழிந்த பிறகே ரத்தத்தில் அளவு நிலைக்கும்.

குறிப்பு: 20 மில்லிகிராம் சாப்பிடுபவருக்கு, 10 மில்லிகிராம் சாப்பிடுபவரைப் போல மருந்து வெளியேற இரு மடங்கு நாள் ஆகும் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான மருந்துகளில் அளவு இரட்டித்தால் கூடுவது ஒரே ஒரு அரை ஆயுள்தான்.

## முதல் வேலை: மாத்திரை அட்டையைத் திருப்புங்கள்

1. அட்டையின் முன்பக்கம் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். பின்பக்கம் சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். நெக்சிட்டோ என்றால் உள்ளே இருப்பது எஸ்சிட்டலோபிராம். ஃப்ளூடாக், ப்ரோடெப் இரண்டிலும் இருப்பது ஃப்ளூவாக்ஸெட்டின். பெயர் வேறாக இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடும் ஆபத்து இந்த ஒரு வரியால் நீங்கும்.

2. பெயரோடு எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர். என்று ஏதாவது ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரை. அதைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது. பொடித்தால் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டியது மொத்தமாக இறங்கிவிடும். டுலாக்ஸெட்டின் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் குருணைகளையும் நசுக்கக் கூடாது. வயிற்று அமிலம் படாமலிருக்க அவற்றுக்கு மேல்பூச்சு உண்டு.

3. ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து இருக்கிறதா? இந்தியாவில் இது சகஜம். எஸ்சிட்டலோபிராமுடன் குளோனசெபாம் சேர்ந்து வருவதை நிறையப் பேர் சாப்பிடுகிறார்கள். பெயரில் 'பிளஸ்' என்று இருந்தால் கவனியுங்கள். குளோனசெபாம் மனச்சோர்வு மருந்து அல்ல, பதற்றத்தைத் தணிப்பது. பல வாரம் சாப்பிட்டபின் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரைக்கும் போகலாம். கூட்டு மாத்திரையை நிறுத்துகிறவர் இரண்டு மருந்துகளை நிறுத்துகிறார் என்பதை மறக்க வேண்டாம்.

4. எத்தனை மில்லிகிராம், எந்த நேரம், எந்த மாதத்திலிருந்து என்று எழுதுங்கள்.

5. வேறு எந்த நோய்க்கு என்ன சாப்பிட்டாலும் அதே பக்கத்தில் எழுதுங்கள். வலி மாத்திரை, இருமல் மருந்து எதையும் விட வேண்டாம். ஏன் என்பது பின்னால் வரும்.

## உங்கள் மருந்து எந்த வகை?

கீழே உள்ளவை சராசரிக் கணக்குகள். ஆளுக்கு ஆள் கூடும், குறையும்.

### இரண்டு மூன்று நாளில் போய்விடுபவை

வென்லாஃபாக்சினின் அரை ஆயுள் சுமார் 5 மணி நேரம்தான். ஈரல் அதை மாற்றி உண்டாக்கும் இன்னொரு பொருளும் மருந்தாகவே வேலை செய்கிறது, அதற்கு 11 மணி நேரம். இரண்டு நாளுக்குச் சற்று மேல் ஆனால் எதுவும் மிஞ்சாது. அந்த இரண்டாவது பொருளையே தனி மருந்தாக்கி டெஸ்வென்லாஃபாக்சின் என்று விற்கிறார்கள். டுலாக்ஸெட்டினுக்கு 12 மணி நேரம், ஃப்ளூவோக்ஸமைனுக்கு 16 மணி நேரம்.

இவற்றைச் சாப்பிடுபவர்கள் நேரம் தவறாமல் இருப்பது மிக முக்கியம். காலை மாத்திரையை மறந்தால் சாயங்காலமே தலைசுற்றல், குமட்டல் வரும் ஆட்கள் இருக்கிறார்கள்.

### நான்கு நாள் முதல் ஒரு வாரம்

நம் ஊரில் மருந்துச்சீட்டுகளில் அதிகம் வருபவை இங்கேதான் இருக்கின்றன. செர்ட்ராலினுக்கு 26 மணி நேரம். எஸ்சிட்டலோபிராமுக்கு ஏறத்தாழ 30 மணி நேரம், வெளியேற ஆறு நாள். சிட்டலோபிராமுக்கு 35 மணி நேரம். மிர்ட்டாசபினுக்கு 20 முதல் 40 மணி நேரம். அமிட்ரிப்டிலின் ஈரலில் நார்ட்ரிப்டிலினாக மாறி, அதுவும் சேர்ந்து ஒரு வாரம் வரை தங்கும். பியூப்ரோபியானுக்கு 21 மணி நேரம் என்றாலும் அதிலிருந்து உண்டாகும் பொருள்கள் ஒரு வாரத்துக்குச் சற்று மேலும் இருக்கும்.

பராக்ஸெட்டினைத் தனியாகச் சொல்ல வேண்டும். அரை ஆயுள் 21 மணி நேரம் என்று பார்த்தால் செர்ட்ராலின் மாதிரிதானே என்று தோன்றும். அப்படியில்லை. தன்னைச் சிதைக்கும் ஈரல் நொதியைப் பராக்ஸெட்டினே தடுத்து வைத்திருக்கிறது. அளவைக் குறைத்தால் அந்த நொதி விடுபட்டு, மிச்சமிருப்பதை முன்னைவிட வேகமாகச் சிதைக்கும். எண்ணைப் பார்த்து எதிர்பார்ப்பதைவிட ரத்த அளவு விரைவாகச் சரிகிறது. நிறுத்துவதற்குக் கடினமான மருந்துகளில் வென்லாஃபாக்சினோடு இதையும் சேர்த்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

### வாரக்கணக்கில் தங்குபவை

வோர்ட்டியோக்ஸெட்டினுக்கு 66 மணி நேரம், வெளியேற இரண்டு வாரம். எல்லாவற்றையும் மிஞ்சுவது ஃப்ளூவாக்ஸெட்டின். 1987 டிசம்பரில் ப்ரோசாக் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. தொடர்ந்து சாப்பிடுபவர்களிடம் இதன் அரை ஆயுள் 4 முதல் 6 நாள். இதிலிருந்து உண்டாகும் நார்ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு 4 முதல் 16 நாள். கடைசி மாத்திரைக்கு ஐந்து வாரம் கழித்தும் உடம்பில் மருந்து இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நீளத்தில் நன்மையும் உண்டு, ஏமாற்றமும் உண்டு. ஒரு நாள் மறந்தால் ரத்த அளவு அசையாது. நிறுத்தினாலும் தானாகவே மெல்ல இறங்குகிறது. ஆனால் நிறுத்திய முதல் இரண்டு வாரம் எதுவும் தெரியாததால், "எனக்கு மாத்திரையே தேவைப்படவில்லை" என்று நம்பிவிடுகிறார்கள். தொந்தரவு வரும்போது மாத்திரையை நிறுத்தியதே மறந்திருக்கும். வேறு ஏதோ நோய் என்று பரிசோதனைக்கு அலைவார்கள். நிறுத்திய தேதியை நாள்காட்டியில் குறியுங்கள், அடுத்த ஆறு வாரத்தையும் கோடிட்டு வையுங்கள்.

## ஆரம்பிக்கும்போது: அவசரம் வேண்டாம்

எஸ்சிட்டலோபிராம் ஒரு வாரத்தில் ரத்தத்தில் நிலைத்துவிடும். ஆனால் மனம் தெளிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மருந்து ரத்தத்தில் நிறைவது ஒன்று, மூளை அதற்கேற்ப மாறுவது இன்னொன்று. பத்தாம் நாளிலேயே "இது கேட்கவில்லை" என்று மருந்தையும் டாக்டரையும் மாற்றுகிறவர்கள் ஒரு நல்ல மருந்தை வேலை செய்ய விடாமலே கைவிடுகிறார்கள். ஃப்ளூவாக்ஸெட்டினில் ரத்த அளவு நிலைக்கவே நான்கைந்து வாரம் ஆகும். இன்று அளவைக் கூட்டினால் முழு விளைவும் அடுத்த மாதம்தான் தெரியும்.

## ஒரு வேளை தவறிவிட்டால்

1. அன்றைக்கே நினைவு வந்தால் உடனே போடுங்கள்.
2. அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள்.
3. ஈடுகட்ட இரண்டு மாத்திரை போட வேண்டாம். பியூப்ரோபியானில் இது மிகவும் ஆபத்து, அளவு கூடினால் வலிப்பு வரலாம்.
4. வென்லாஃபாக்சின், பராக்ஸெட்டின், டுலாக்ஸெட்டின் சாப்பிடுபவர்கள் பயணப் பையில் ஒரு அட்டை தனியாக வைத்திருங்கள். பண்டிகை விடுமுறையில் மருந்துக் கடை மூடியிருக்கும் நாட்களையும் கணக்கில் எடுங்கள்.
5. வேளை தவறித் தலை சுற்றினால் அன்று இரு சக்கர வண்டி ஓட்டாதீர்கள்.

## நிறுத்தும் காலம் வந்தால்

முதல் முறை மனச்சோர்வு வந்து குணமானவர்கள் நன்றாக ஆன பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. திரும்பத் திரும்ப வந்தவர்களுக்கு இரண்டு வருடமோ அதற்கு மேலோ ஆகலாம். அந்தக் கட்டத்தைத் தாண்டியிருந்தால் பின்வரும் வரிசையில் டாக்டரிடம் பேசுங்கள்.

1. நேரம் பாருங்கள். வீட்டில் கல்யாணம், தேர்வு, வேலை மாற்றம், துக்கம் இருக்கும் மாதத்தில் ஆரம்பிக்க வேண்டாம்.

2. ஒருவரிடம் சொல்லி வையுங்கள். எரிச்சலும் அழுகையும் கூடினால் பெரும்பாலும் நமக்கே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்குத்தான் முதலில் தெரியும்.

3. எந்த அளவில் குறைப்பது என்று எழுதி வாங்குங்கள். முதலில் பாதி, பிறகு பூஜ்யம் என்பது பழைய வழக்கம். இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. செரட்டோனின் என்ற மூளை ரசாயனத்தைக் கூட்டும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் போன்ற மாத்திரைகளில் வழக்கமான குறைந்தபட்ச அளவே மூளையின் செரட்டோனின் கடத்திகளில் சுமார் 80 சதவீதத்தை அடைத்துவிடுகிறது. அதனால் 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு வரும்போது மூளைக்குப் பெரிய மாற்றம் இல்லை. 5 மில்லிகிராமிலிருந்து ஒன்றுமில்லாமைக்கு வரும்போதுதான் பெரிய சரிவு. கீழே போகப் போக உயரம் கூடும் படிக்கட்டு இது. ஆய்வாளர்கள் மார்க் ஹொரோவிட்ஸும் டேவிட் டெய்லரும் 2019-இல் 'லான்செட் சைக்கியாட்ரி' இதழில் இதை விளக்கி, மிச்சமிருக்கும் அளவில் ஒரு பங்கைக் குறைத்துக்கொண்டே போகும் முறையை முன்வைத்தார்கள். பிரிட்டனின் நைஸ் அமைப்பும் 2022 வழிகாட்டுதலில் விகிதப்படி குறைக்கச் சொல்கிறது. கடைசிப் படிகளுக்கு வாரங்கள் ஆகலாம், பல வருடம் சாப்பிட்டவர்களுக்கு மாதங்கள் ஆகலாம். இவ்வளவு சிறிய அளவு மாத்திரையாகக் கிடைக்காதபோது திரவ வடிவம் உண்டா என்று கேளுங்கள்.

4. ஒவ்வொரு படியிலும் நின்று பாருங்கள். தொந்தரவு அடங்காமல் அடுத்ததற்கு இறங்க வேண்டாம். பொறுக்க முடியாவிட்டால் முந்தைய அளவுக்கே திரும்புவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். இதில் தோல்வி எதுவும் இல்லை.

அதிகம் நடக்கும் தவறு: ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடுவது. சிக்கனமான வழி போலத் தெரியும். பராக்ஸெட்டினில் 48 மணி நேரம் இடைவெளி விட்டால் ரத்த அளவு ஐந்தில் ஒரு பங்காகிவிடும். வென்லாஃபாக்சினில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். உடம்பு ஒரு நாள் ஏறி மறுநாள் விழுந்துகொண்டே இருக்கும். ஃப்ளூவாக்ஸெட்டினைத் தவிர மற்றவற்றில் தினமும் சிறிய அளவு சாப்பிடுவதே மேல்.

## நோய் திரும்பியதா, மருந்து விலகுகிறதா?

எனக்கு இந்த அத்தியாயத்தில் மிக முக்கியமாகப் படும் பகுதி இது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நிறுத்தியிருக்கக் கூடியவர்கள் காலமெல்லாம் சாப்பிடுகிறார்கள். தொடர வேண்டியவர்கள் "விலகல்தானே, சரியாகிவிடும்" என்று மோசமாகும் வரை காத்திருக்கிறார்கள்.

எப்போது வந்தது என்று முதலில் பாருங்கள். மருந்து விலகும் தொந்தரவு அதன் அரை ஆயுளை ஒட்டி வரும். வென்லாஃபாக்சினில் ஒரு நாளிலேயே வரலாம். எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலினில் இரண்டு முதல் நான்கு நாளில், ஃப்ளூவாக்ஸெட்டினில் வாரங்கள் கழித்து. மனச்சோர்வு திரும்புவது பெரும்பாலும் வாரங்களிலோ மாதங்களிலோ மெல்ல நடக்கும்.

அடுத்து, என்ன வந்தது என்று பாருங்கள். தலைக்குள் ஷாக் அடித்த மாதிரி ஒரு வெட்டு, கண்ணைத் திருப்பும்போது தலைசுற்றல், குமட்டல், சளிக்காய்ச்சல் போன்ற உடம்புவலி, விசித்திரமான கனவுகள் ஆகியவை மருந்து விலகுவதன் அடையாளங்கள். மனச்சோர்வில் தலைக்குள் ஷாக் அடிப்பதில்லை. ஆனால் பதற்றம், அழுகை, தூக்கமின்மை இரண்டிலும் வரும். அவற்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்து ஓரிரு நாளில் சரியானால், அது பெரும்பாலும் விலகல்.

மருந்து ரத்தத்திலிருந்து போய்விட்டதால் தொந்தரவும் போய்விட வேண்டும் என்று எண்ண வேண்டாம். அதற்குப் பழகிய மூளை திரும்பிச் சரியாக இன்னும் நாளாகும். சிலருக்கு இரண்டு வாரம், சிலருக்குப் பல மாதம். "ஆறு நாளில் மருந்து வெளியே போயிருக்கும், இதெல்லாம் உங்கள் கற்பனை" என்று யாராவது சொன்னால் அது தவறு.

அரை ஆயுள் மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. அகோமெலட்டின் என்ற மனச்சோர்வு மருந்து ஓரிரு மணி நேரத்தில் பாதியாகி அன்றே வெளியேறிவிடுகிறது. ஆனால் அது மூளையில் வேறு இடத்தில் வேலை செய்வதால் நிறுத்தும்போது பெரிய தொந்தரவு தருவதில்லை.

## வேறு மருந்தோடு மோதும் இடங்கள்

நோட்டில் எல்லா மருந்தையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான்.

மோனோஅமைன் ஆக்சிடேஸ் தடுப்பான்கள். ஃபெனெல்சின் போன்ற இந்த வகை மனச்சோர்வு மருந்துகளை இன்று நம் ஊரில் அபூர்வமாகவே எழுதுகிறார்கள். பார்க்கின்சன் நோய்க்குத் தரும் செலிஜிலின், ரசாஜிலின் இதே குடும்பம். ஃபெனெல்சின் ஓரிரு நாளில் ரத்தத்தை விட்டுப் போய்விடும். ஆனால் அது முடக்கிய நொதியை உடம்பு புதிதாகச் செய்ய இரண்டு வாரம் ஆகும். ஆகவே இதை நிறுத்தி 14 நாள் ஆகாமல் செரட்டோனின் மாத்திரை கூடாது. எதிர்த்திசையில், அதாவது செரட்டோனின் மாத்திரையிலிருந்து இதற்கு மாறினால், பெரும்பாலானவற்றுக்கு 14 நாள் இடைவெளி வேண்டும், ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு ஐந்து வாரம்.

லைன்சோலிட். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று முக்கியமாகத் தரும் மருந்து. இதற்கும் அந்த நொதியைத் தடுக்கும் குணம் லேசாக உண்டு. காசநோய்ச் சிகிச்சை தொடங்குமுன், இப்போது சாப்பிடும் மனச்சோர்வு மாத்திரையோடு போன மாதம் நிறுத்திய ஃப்ளூவாக்ஸெட்டினையும் சொல்லுங்கள்.

டிராமடால், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபான். முன்னது வலி மாத்திரை, பின்னது வறட்டு இருமல் மருந்துகளில் இருப்பது. இரண்டும் செரட்டோனினைக் கூட்டும். இருமல் மருந்தைக் கேட்டு வாங்கும்போது மனச்சோர்வு மாத்திரையின் பெயரைக் கடைக்காரரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

டாமாக்சிஃபென். மார்பகப் புற்றுநோய்க்குச் சாப்பிடுவது. ஈரல் இதை மாற்றினால்தான் முழுப் பலன். பராக்ஸெட்டினும் ஃப்ளூவாக்ஸெட்டினும் அப்படி மாற்றும் ஈரல் நொதியைத் தடுக்கின்றன. ஃப்ளூவாக்ஸெட்டினை நிறுத்திய பிறகும் வாரக்கணக்கில் இந்தத் தடை நீடிக்கும்.

செரட்டோனின் மிஞ்சினால் வரும், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிகள்: புதிய மருந்து சேர்ந்த அல்லது அளவு கூடிய சில மணி நேரத்துக்குள் கை நடுக்கம், கால் தசை தானாகத் துடிப்பது, கொட்டும் வியர்வை, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருப்புக்கொள்ளாத தவிப்பு, குழப்பம். ஆம்புலன்ஸுக்குத் தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990. மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துப் போங்கள்.

மருந்தை ஆரம்பிக்கும்போதும் அளவை மாற்றும்போதும், முக்கியமாக 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம், சாக வேண்டும் என்ற எண்ணம் தலைதூக்குகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். அப்படி வந்தால் தனியாக விடாதீர்கள். இந்தியாவில் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இலங்கையில் 1926 எந்நேரமும் எடுக்கும். நிறுத்திய மருந்து மிச்சம் இருந்தால் வீட்டில் சேர்த்து வைக்க வேண்டாம்.

## யாருக்குக் காலம் நீளும்?

வயதானவர்களுக்கு எஸ்சிட்டலோபிராமின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. சிட்டலோபிராமை 60 வயதுக்கு மேல் 20 மில்லிகிராமுக்கு மிகாமல் தரச் சொல்வதும் இதனால்தான், கூடினால் இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடலாம். ஈரல் கெட்டவர்களுக்குப் பெரும்பாலான மருந்துகள் நீடிக்கும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டெஸ்வென்லாஃபாக்சின் நீடிக்கும். இவர்களுக்கு மேலே சொன்ன எண்கள் எல்லாம் குறைவான கணக்கே. அளவைக் கூட்டும்போது ஒரு வாரம் அதிகமாகக் காத்திருக்கச் சொல்லிக் கேளுங்கள்.

## கர்ப்பம் தெரிந்ததும்

பயந்துபோய் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. ஃப்ளூவாக்ஸெட்டின் என்றால் இன்று நிறுத்தினாலும் அடுத்த ஐந்து வாரம் உடம்பில்தான் இருக்கும். குழந்தையின் உறுப்புகள் உருவாகும் காலத்தில் பெரும்பகுதி அதற்குள் போய்விடும். அவசரமாக நிறுத்தியதால் அந்த வாரங்களில் குழந்தைக்குக் கிடைப்பது மிகக் குறைவு, தாய்க்கு நோய் திரும்பும் ஆபத்தோ கூடுகிறது. வென்லாஃபாக்சின் மாதிரி வேகமாகப் போகும் மருந்து என்றால், ஏற்கெனவே மசக்கையில் வாடும் பெண்ணுக்கு மருந்து விலகும் குமட்டலும் தலைசுற்றலும் மேலே சேரும்.

மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டுக்கொண்டே மனநல மருத்துவரையும் மகப்பேறு மருத்துவரையும் அந்த வாரமே பாருங்கள். பலருக்குத் தொடர்வதே நல்லது என்று முடிவாகும். குழந்தைக்குத் திட்டமிடும்போதே பேசிவிடுவது இன்னும் மேல். மாற்ற வேண்டிய மருந்தை, குறிப்பாகப் பராக்ஸெட்டினை, மாற்றி இடைவெளி விடுவதற்கு அப்போதுதான் நேரம் இருக்கும். பிரசவத்துக்குச் சேரும்போது மாத்திரையின் பெயரையும் கடைசியாகச் சாப்பிட்ட நேரத்தையும் சொல்லுங்கள். பிறந்த குழந்தைக்கு முதல் சில நாள் நடுக்கமோ பால் குடிப்பதில் சிரமமோ இருக்கிறதா என்று கவனிக்க மருத்துவமனைக்கு அந்தத் தகவல் தேவைப்படும்.